நீ பெயிலாக்கிய விடை

மகன்,

‘அன்புள்ள’ என்று தொடங்கத்தான் பேனையை எடுத்தேன். கை வரவில்லை. அதனால் இப்படியே தொடங்குகிறேன்.

இதை ஏன் ஊர் பார்க்க எழுதுகிறீர்கள் என்று கேட்பாய். வேறு வழி எதையும் நீ விட்டுவைக்கவில்லை. செய்முறைச் சோதனை முடிந்த நாளிலிருந்து என் அழைப்பு ஒன்றுக்கும் நீ பதில் சொல்லவில்லை. நான் அனுப்பிய குரல்பதிவுகளுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாய். படலையிலேயே நின்றுகொண்டு அப்பாவிடம் பெறுபேற்றுத் தாளைக் கொடுத்து, “அம்மாட்ட கையெழுத்து வாங்கி வையுங்கோ, பிறகு வந்து எடுக்கிறன்” என்றாய். மோட்டார் சைக்கிளை நிற்பாட்டாமலே திரும்பிப் போனாய். குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற எனக்கு எல்லாம் கேட்டது. நான் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்பதை உனக்கு மட்டும் சொன்னால் நீ காதில் விழுத்தமாட்டாய். உன்னிடம் பிள்ளைகளை அனுப்பும் தாய் தகப்பன்மாரும் சேர்ந்து வாசித்தால் ஒருவேளை விழுத்துவாய். உன் நிலையத்தின் பெயரை எழுதவில்லை, மாணவரின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். இப்போதைக்கு என்னால் செய்யக்கூடிய மரியாதை அத்தோடு சரி.

வாசிக்கும் மற்றவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே முதலில் சொல்லிவிடுகிறேன். ஆய்வுகூட மாணவருக்கு வைரஸ் நோய்களைக் கண்டறியும் செய்முறையைக் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். நீ அதே பாடத்தைப் படித்தாய். திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஒரு கடையின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்து, பி.சி.ஆர் இயந்திரம் ஒன்றும் வாங்கிப் போட்டு, பயிற்சி நிலையம் தொடங்கினாய். நீ கற்பிப்பதைப் படிக்கட்டில் நின்று கேட்டிருக்கிறேன். வைரஸ் கலத்துக்குள் எப்படி நுழைகிறது என்பதை நீ சொல்வதுபோல் எனக்குச் சொல்ல வராது. அதுதான் எரிச்சலைக் கூட்டுகிறது. பாடம் தெரியாத ஒருவன் இதைச் செய்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டு விட்டிருப்பேன்.

முதல் தொகுதி மாணவர் படித்து முடிக்கும்போது நீயே வந்து கேட்டாய்: “அம்மா, வெளிப் பரீட்சகரா நீங்கள் வாங்கோ. உங்கட கையெழுத்து இருந்தால் லாப்காரர் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளைகளை வேலைக்கு எடுப்பினம்.” யாரும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக்கூடாது என்பதற்குத்தான் பரீட்சகர் என்று அன்றைக்கே சொன்னேன். சிரித்தாய். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நான் கொஞ்சம் கவனித்துப் பார்த்திருக்கவேண்டும்.

என்னிடம் படித்தவர்கள் எல்லோருக்கும் ஒன்று தெரியும். என் செய்முறைச் சோதனையில் மாதிரிகளில் ஒன்று பரிசோதிக்கத் தகுதியில்லாததாக இருக்கும். குழாயில் ஒரு பெயரும் படிவத்தில் இன்னொரு பெயருமாக ஒரு வருடம் வைப்பேன். இன்னொரு வருடம் மூடி சரியாகப் பூட்டாமல் ஒழுகியிருக்கும். சரியான விடை, ‘இதைப் பரிசோதிக்க ஏலாது, வேறு மாதிரி அனுப்புங்கள்’ என்பது. பிப்பெட் பிடிக்க யாருக்கும் பழக்கலாம். வெறும் தண்ணீரை அளந்து அளந்து விடவைத்து, துளியை நிறுக்கவைத்து, பெருவிரல் நடுங்காமல் இருக்கும்வரை விடாமல் பழக்கினால் வரும். மேசையில் வைத்த ஒரு குழாயைத் திருப்பிக் கொடுக்கப் பழக்குவது அப்படியல்ல. பின்னால் ஆசிரியர் நிற்கிறார், பக்கத்தில் உள்ளவன் வேலையைத் தொடங்கிவிட்டான், நேரம் போகிறது. அந்த நேரத்தில் ‘இது சரியில்லை’ என்று சொல்ல ஒரு பிள்ளைக்கு வாய் வரவேண்டும். அதை நாங்கள் கற்பிக்காவிட்டால் பிறகு யாரும் கற்பிக்கப்போவதில்லை.

இந்த முறை நான் கொண்டுவந்தது ஐஸ் பெட்டி. உன்னிடம் மறைக்கவில்லை. முதல் நாளே உன் மேசைக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்து விளக்கமாகச் சொன்னேன். ஒவ்வொரு மாணவருக்கும் வெக்கை புகாத வெள்ளை றெஜிபோம் பெட்டி இரண்டு. முதலாவதில் ஐஸுக்குள் ஒழுங்கான மாதிரி. இரண்டாவதில் குழாய் வெதுவெதுப்பான தண்ணீருக்குள் கிடக்கும். அதோடுள்ள படிவத்தில், குடாவுக்கு அக்கரையில் கட்டைபறிச்சானில் ஒரு கைக்குழந்தையின் மூக்கிலிருந்து நேற்றுக் காலை எடுத்த மாதிரி, காய்ச்சல், மூச்சு எடுக்கக் கஷ்டம் என்று இருக்கும். அதாவது குடாவைச் சுற்றி வரும் வழியில் எங்கோ பெட்டி வெயிலில் கிடந்து ஐஸ் உருகிவிட்டது என்று பிள்ளைகள் விளங்கிக்கொள்ளவேண்டும். குழாயில் நான் விட்டது பயிற்சிக்கென்றே விற்கும், யாருக்கும் தொற்றாத இன்புளுவென்சா ஆர்.என்.ஏ. அதை என் கன்னத்தின் உட்புறத்தில் துடைத்தெடுத்த திரவத்தோடு கலந்து வெக்கையில் வைத்தேன். முதலில் அதில் வைரஸின் அடையாளம் இருந்தது, சோதனை நாளில் இல்லை. இயந்திரத்தில் போட்டால் திரையில் கோடு எழும்பாமல் படுத்தே கிடக்கும். ‘வைரஸ் இல்லை’ என்று வரும். கற்பனைதான் என்றாலும் அந்தக் குழந்தைக்கு நோய் இருக்கிறது. நீ தலையாட்டிக் கேட்டாய். “நல்ல ஐடியா அம்மா” என்றும் சொன்னாய்.

பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் ‘வைரஸ் இல்லை’ என்று எழுதினார்கள். அவர்களைத் திட்ட நான் இதை எழுதவில்லை. தண்ணீரைக் கண்டதும் சிலர் முகம் மாறியதைப் பார்த்தேன். உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நீ கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நிரோசன் என்ன செய்தான் தெரியுமா? பெட்டியில் இருந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினான், குழாயை அழகாகத் துடைத்தான், குளிர்பெட்டியிலிருந்து புது ஐஸ் எடுத்துப் போட்டு, குழாயை அதற்குள் பக்குவமாகச் செருகினான். செருகிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

“மிஸ், ஆரோ கவனமில்லாமல் வச்சிட்டினம். நான் சரிப்பண்ணிட்டன்.”

அந்தப் பிள்ளையின் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. மாதிரியைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தான். போன உயிரைக் குளிரவைத்தால் திரும்பாது என்று அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்திருக்கவேண்டும்? ஐஸில் வைக்கவேண்டும் என்று நீ சொல்லிக்கொடுத்தாய், அவன் வைத்தான். ஏன் வைக்கிறோம் என்பது அவனுக்குப் போய்ச் சேரவில்லை.

மூதூரிலிருந்து பஸ்ஸில் வரும் பஸ்மினா மட்டும் இரண்டாவது பெட்டியைத் திறந்ததும் மூடினாள். படிவத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். பிறகு கையை உயர்த்தினாள்.

“சேர், ஒரு போன் வேணும்.”

“என்ன?”

“போன் சேர். இந்தப் புள்ளைட ஆஸ்பத்திரி வாட்டுக்கு எடுக்கணும்.”

மண்டபம் சிரித்தது. நீ சிரிக்கவில்லை. “சோதனைக்குள்ள போன் கேக்கிறீர்? விசரே உமக்கு? இருந்து வேலையைப் பாரும்” என்று கத்தினாய். அவள் இருந்தாள். தாளில் எழுதினாள். அவள் எழுதியதை இங்கே அப்படியே தருகிறேன்: ‘ஐஸ் உருகியிருக்கிறது. மாதிரி நேற்று எடுத்தது. பரிசோதிக்கவில்லை. செய்தால் இல்லை என்று வரும், அதை நம்ப ஏலாது. குழந்தைக்கு மூச்சுக் கஷ்டம் என்றபடியால் டொக்டருக்கு உடனே சொல்லி வேறு மாதிரி கேட்கவேண்டும். போன் தரவில்லை.’

கடைசி இரண்டு சொல்லையும் வாசித்தபோது எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல் இருந்தது. நீ அதே தாளில் சிவப்புப் பேனையால் ‘பரிசோதனை செய்யவில்லை, சித்தியில்லை’ என்று எழுதிப் பெயிலாக்கினாய். மற்றப் பதினொரு பேருக்கும் சித்தி. நிரோசனுக்கு ‘மாதிரியைப் பேணும் முறை மிக நன்று’ என்று வேறு எழுதியிருந்தாய். அந்த வரியை இரண்டு தரம் வாசித்தேன், கண்ணாடியைத் துடைத்துப்போட்டு இன்னொரு தரம்.

பிறகு நடந்ததை நீ ஊரெல்லாம் வேறு மாதிரிச் சொல்கிறாயாம். உள்ளபடி இதுதான். எல்லோரும் போனபின் நான் கேட்டேன், “ஏன் தம்பி அந்தப் பிள்ளையைப் பெயிலாக்கினனீ? சரியான விடை அதுதான் எண்டு உனக்கு முதல் நாளே சொன்னனான்.”

“கேள்வித்தாளில என்ன கிடக்கு? பரிசோதித்து முடிவு எழுதுக. அவ முடிவு எழுதேல்லை.”

“எழுதினதுதான் முடிவு.”

“அம்மா, நீங்கள் கவுண்மேந்தில வேலை செய்தனீங்கள். மாதிரியைத் திருப்பி அனுப்பினாலும் உங்களுக்குச் சம்பளம் வந்தது. இதுகள் போகப்போறது பிரைவேட் லாப்புக்கு. காய்ச்சல்காரனுக்கு நாளைக்கு வா எண்டு சொன்னால் அவன் ரோட்டைக் கடந்து மற்றக் கடைக்குப் போவான். முதலாளிக்கு வேண்டியது றிப்போட். குழாயைத் திருப்பித் தாற ஆள் இல்லை.”

“பிழையான றிப்போட் எண்டாலும்?”

“பிழை எண்டு ஆர் சொன்னது? உள்கட்டுப்பாடு வந்ததே! மெசின் ஓகே எண்டு காட்டினது. நீங்கள் வேணுமெண்டு குழி வெட்டிப்போட்டு, விழுந்தவையை விட்டிட்டு என்னோட சண்டைக்கு வாறீங்கள்.”

உள்கட்டுப்பாடு பற்றி நீ சொன்னது படித்தவன் சொல்லக்கூடிய பொய். வாசிப்பவர்களுக்கு விளக்குகிறேன். மாதிரியில் மனிதக் கலம் இருக்கிறதா என்று இயந்திரம் தனியாகப் பார்க்கும். இருந்தால், மாதிரி ஒழுங்காக எடுக்கப்பட்டது என்று பொருள். அந்தக் குழாயில் இருந்தது என் கன்னத்துக் கலம். அதன் டி.என்.ஏ வெக்கையை ஓரளவு தாங்கும். வைரஸின் ஆர்.என்.ஏ தாங்காது. நிலாவெளியில் கரைவலை இழுக்கும் ஒருவரிடம் போய், ‘உங்கள் கருவாடு கெடவில்லை, அதனால் அதே பெட்டியில் நேற்று வெயிலில் கிடந்த பச்சை மீனும் நல்லது’ என்று சொல்லிப் பார். வலையால் சுற்றி அடிப்பார். இந்த உதாரணத்தை நான் வகுப்பில் சொன்னபோது நீ கடைசி வாங்கில் இருந்து கேட்டிருக்கிறாய். உனக்குத் தெரியாமல் நீ அப்படிச் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு சொன்னாய்.

இது உனக்கு வந்த புதுப் பழக்கமும் இல்லை. உயர்தர வகுப்பில் இரசாயனவியல் செய்முறைக் கொப்பியை நீ என்னிடம் காட்டிய நாள் நினைவிருக்கிறதா? துளித்துளியாக விட்டு அளக்கும் நியமிப்பு வாசிப்புகள் மூன்றும் ஒரே இலக்கம். கொஞ்சமும் கூடக்குறைய இல்லை. “இவ்வளவு வடிவா எப்படி வந்தது?” என்று கேட்டேன். “சேர் சொன்ன விடைக்குப் பக்கத்தில வந்தது, அதான் அப்படியே போட்டன். எல்லாரும் அப்பிடித்தான்” என்றாய். மூன்று தரம் செய்தால் மூன்று தரமும் சின்ன வித்தியாசம் வரும், அந்த வித்தியாசம்தான் உன் கை, அதை அழித்துவிட்டு யாருடைய கையைக் கொப்பியில் ஒட்டினாய் என்று கேட்டேன். நீ அழுதாய். அடுத்த நாள் பாடசாலைக்குப் போய்த் திரும்பச் செய்தாய். அந்த வாசிப்புகள் கோணல்மாணலாக இருந்தன, உண்மையாக இருந்தன, நீ அவற்றைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினாய். அந்தப் பையனைத்தான் நான் உன் மேல்மாடியில் தேடினேன்.

நீ சொன்னதில் ஒன்று உண்மை என்று ஒத்துக்கொள்கிறேன். தூரத்திலிருந்து வந்த காய்ச்சல்காரரைத் திரும்பி வரச் சொல்வது லேசான காரியம் இல்லை. அவர் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்திருப்பார், பிள்ளையைத் தோளில் போட்டிருப்பார், ஏசுவார். முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்ப்பார். அதற்காகத்தான் பழக்கவேண்டும் என்கிறேன். ஏச்சுக் கேட்கும்போது பின்வாங்காமல் நிற்க, வேறு மாதிரி ஏன் வேண்டும் என்று அந்தத் தகப்பனுக்கு ஐந்து வசனத்தில் சொல்ல. இதற்கு ஒரு செய்முறை வகுப்பு வைக்கலாம். நானே வந்து ஏசும் தகப்பனாக நடித்திருப்பேன், எனக்கு அது நன்றாக வரும் என்று உனக்குத் தெரியும். நீ அந்த வகுப்பை வைக்காமல், அதைத் தானாகவே செய்த ஒரே பிள்ளையைத் தண்டித்தாய். இப்போது மற்றப் பதினொரு பேரும் அதைப் பார்த்துவிட்டார்கள். இனி எந்தப் பெட்டியில் தண்ணீர் கிடந்தாலும் அவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். அன்றைக்கு நீ கற்பித்த பாடம் அதுதான், அதை நன்றாகவே கற்பித்தாய்.

அப்பா முதலில் உன் பக்கம்தான் கதைத்தார். “ஒரு குழாய்த் தண்ணிக்கு ஏனப்பா தாயும் மகனும் அடிபடுறியள்? போட்டு விடுமன் கையெழுத்தை” என்றார். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவரிடம் நான் கேட்டேன், “அண்டைக்குச் சங்கிலி சரியில்லை எண்டு பெட்டியைத் தூக்க மாட்டன் எண்டு மேல இருந்தனீங்களே, கீழ நிண்டு கப்பல்காரன் கத்தக் கத்த? அண்டைக்கு உங்களை வேலை முடிக்காதவர் எண்டு எழுதியிருந்தால்?” அப்பா தேத்தண்ணீரைக் கலக்கினார். “அது சங்கிலி” என்றார். “இது பிள்ளை” என்றேன். அதற்குப் பிறகு அவர் உன் பக்கம் கதைக்கவில்லை. அந்தப் பாரந்தூக்கிக் கதையை நீ சின்ன வயதில் வகுப்பெல்லாம் சொல்லித் திரிந்தாய். இப்போது அந்தக் கப்பல்காரனின் இடத்தில் நீ நிற்கிறாய்.

பிறகு நீ அப்பாவிடம் சமாதானத்துக்கு ஒரு வழி சொல்லி அனுப்பினாய். பஸ்மினா தனியாக வந்து ஒரு நல்ல மாதிரியைப் பரிசோதித்து முடிவு எழுதட்டும், பன்னிரண்டு பேருக்கும் சித்தி போடலாம், அம்மா கையெழுத்துப் போடட்டும் என்று. மூதூரில் ஒரு ஆய்வுகூடத்தில் அவளுக்கு வேலை பேசியிருக்கிறார்கள், சான்றிதழ் இந்த மாதம் போகாவிட்டால் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள் என்பது எனக்கும் தெரியும். அதனால் உன் வழி எனக்குப் பிடிக்காவிட்டாலும் அவளிடம் மறைக்க எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன். பஸ் ஏறி அவள் வீட்டுக்கே போனேன். அவளுடைய உம்மா வாசலுக்கு வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். நான் ஒன்றும் விடாமல் சொன்னேன்.

“அப்ப நான் எழுதினது பிழ எண்டு ஆகுமா மிஸ்?” என்று அவள் கேட்டாள்.

“தாளில அப்பிடித்தான் இருக்கும். உனக்குச் சித்தி கிடைக்கும்.”

“மத்த ஆக்கள் எழுதினது?”

“சரி எண்டு இருக்கும்.”

உம்மா பொறுமை இழந்தார். “போய் எழுதிட்டு வா புள்ள. ஒரு நாள் வேலதானே. வேல போனா திரும்ப வருமா?”

பஸ்மினா தாயைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். “எனக்கு வேல வேணும் மிஸ். ஆனா அந்தத் தாளில நான் பிழ எண்டு இருந்தா, நாளைக்கு லாப்பில இப்பிடி ஒரு பொட்டி வந்தா நான் என்ன செய்யிற? சேர் பெயிலாக்கினத செய்யிறதா, பாஸாக்கினத செய்யிறதா?”

மகன், இதற்கு நீதான் பதில் சொல்லவேண்டும். அது உன்னிடம் கேட்ட கேள்வி. அவள் தனிச் சோதனைக்கு வரமாட்டாள். வேலை போனாலும் வரமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் நான் எழும்பும்போது அவள் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் எந்த நாளில் வரவேண்டும் என்று கேட்கவில்லை.

ஆகவே இப்படித்தான் நடக்கும். பஸ்மினாவின் தாளில் உள்ள சிவப்பு எழுத்தை நீ உன் கையால் வெட்டி, சித்தி என்று எழுதவேண்டும். மற்றப் பதினொரு பேரையும் திரும்பக் கூப்பிடவேண்டும். அவர்களைப் பெயிலாக்கச் சொல்லவில்லை. பெட்டியை நடுமேசையில் வைத்து, ஏன் அது பிழை என்று நீ, நீயேதான், அவர்களுக்குச் சொல்லவேண்டும். நிரோசனைப் பக்கத்தில் இருத்திச் சொல், அவன் நல்ல பிள்ளை, ஒரு தரம் விளங்கினால் வாழ்நாளுக்கும் மறக்கமாட்டான். பிறகு இன்னொரு சோதனை வை. இதைச் செய்தால் நான் வருவேன். செய்யாவிட்டால் வேறு பரீட்சகரைத் தேடு. கையெழுத்துப் போட ஆட்கள் இருக்கிறார்கள், திருகோணமலை அவ்வளவு சின்ன ஊர் இல்லை.

கையெழுத்துக்கு இன்னொரு வழியும் திறந்துவைக்கிறேன், என்னைப் பிடிவாதக்காரி என்று நீ சொல்லக்கூடாது என்பதற்காக. உன் மனைவி வாணிக்கு இது ஆறாம் மாதம். மாரி தொடங்கிவிட்டது, தெருவெல்லாம் தண்ணீர் தேங்கி நிற்கிறது, டெங்கு வந்த வீடுகள் நம் ஒழுங்கையிலேயே இருக்கின்றன. நாளைக்கு அவளுக்குக் காய்ச்சல் அடித்து, வயிற்றில் பிள்ளையோடு அவள் கையில் குத்தி எடுத்த இரத்தம் ஒரு பெட்டியில் ஆய்வுகூடத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள். பெட்டியைத் திறக்கப்போவது உன் மாணவரில் ஒருவர். அது யாராக இருக்கவேண்டும் என்று நீயே தெரிவு செய்யலாம். அந்தப் பதினொரு பேருக்குள் ஒரு பெயரைச் சொல். வாணிக்கு முன்னால் நின்று சொல். நான் அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன்.

அம்மா